சீதனமாய்ப் போன பதினொரு ஜதிகள்

கேசரின் கல்யாணத்தில் அவள் அப்பா சுக்லால் பொன் போடவில்லை. இருந்தால்தானே போட. பீதாசர் பக்கத்துக் கதக் ஆடும் குடும்பங்களில் அதற்கும் ஒரு வழி உண்டு; வீட்டுக்கென்று இருக்கும் ஜதிகளை மாப்பிள்ளைக்குச் சீதனமாய்க் கொடுத்துவிடலாம். கொடுத்த வீட்டார் பிறகு அவற்றை ஆடக்கூடாது. சுக்லால் கொடுத்தது பதினொன்று. அவர் பாணியின் உயிரே அதில்தான் இருந்தது. பெண் என்று கேசரை ஆட விடவில்லை. காதைப் பொத்தவா முடியும்? அத்தனையும் அவளுக்குப் பாடம்.

எட்டு வருஷம் கழித்து, பிள்ளை இல்லையென்று புருஷன் கிர்தாரி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளைத் துரத்திவிட்டான். பஞ்சாயத்தார் கட்டில், பாத்திரம், திரிகைக்கல் எல்லாம் திருப்பி வாங்கித் தந்தார்கள். ஜதிகளைக் கேட்டதற்குச் சிரித்தார்கள்.

"கால்ல ஏறினதை எப்படிம்மா கழட்டி வாங்குறது?"

அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தம்பி தேவ்கிஷனிடம் ஆட உருப்படியாய் எதுவும் மிச்சமில்லை. கோயில்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தன் கல்யாணம்தான் அவன் பிழைப்பைத் தின்றது என்று கேசர் குமைந்தாள்.

ஒருநாள் கிர்தாரியே வந்து நின்றான். ஒன்பதாவது ஜதியில் நடுப்பகுதி மறந்துவிட்டதாம்.

"என்னை மறந்த மாதிரி அதையும் மறந்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள்.

"உன்னை விட்டா யாருக்குத் தெரியும், கேசர்?"

"பதினொண்ணையும் என் தம்பி ஆடலாம்னு பஞ்சாயத்துல சொல்லு. சொல்லித் தர்றேன்."

சொன்னான். கேசரும் ஒன்பதாவதை அவனுக்கு ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தாள்; தம்பிக்குப் பதினொன்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

கிருஷ்ண ஜெயந்தியன்று தேவ்கிஷன் கோயிலில் ஆடினான். தூணோரம் உட்கார்ந்து கேசர் ஒவ்வொரு அடியையும் உதட்டுக்குள் சொன்னாள். ஒரு பிசகு இல்லை. கோயில் காரியஸ்தர் அவன் முதுகில் தட்டினார்.

"பலே. கிர்தாரி ஜதியை அச்சு அசலா ஆடுறியே. அடுத்த வருஷம் அவனைக் கூப்பிடுறோம், நீயும் பின்னால நின்னு ஆடு."

திரும்பும் வழியில் கேசர் கேட்டாள். "எங்கப்பாவோடதுன்னு சொல்றதுக்கென்னடா?"

"எப்படிக்கா சொல்றது? பஞ்சாயத்துல அவன்தான் எனக்கு அனுமதி குடுத்தான். சொந்தக்காரன்தானே அனுமதி குடுப்பான்?"

கேசருக்கு அழுகை வரவில்லை, தன்மேல் ஆத்திரம்தான் வந்தது. பேசாமல் இருந்திருந்தால் அந்த ஒன்பதாவது ஜதியாவது கிர்தாரி காலில் செத்து, அப்பாவுடையதாகவே போயிருக்கும். அதையும் வாயால் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.