பைப்பா, பந்தலா, வயரிங்கா?

எங்கள் கடையில் போன் அடித்தால் நான் ஹலோ சொல்வதில்லை. "யார் வேணும்? பைப்பா, பந்தலா, வயரிங்கா?" என்றுதான் கேட்பேன். புதிதாக அழைக்கிறவர்கள் திகைத்துப்போய் வைத்துவிடுவார்கள். வைக்கட்டுமே! குழாய் ஒழுகுவது அவர்கள் வீட்டில். இன்னொரு தடவை அவர்கள்தான் அழைத்தாக வேண்டும்.

எழுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சின்னதாக ஒரு கடை இருந்தது. பேப்பர், தமிழ்நாட்டிலிருந்து வரும் வாரப் பத்திரிகைகள், வெற்றிலை, சிகரெட், சோப்பு, கொசுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. அந்தச் சந்தில் மற்ற கடைகளிலும் போன் உண்டு, ஆனால் யாரையும் தொட விடமாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யார் வந்து நின்றாலும் "எடுத்துப் பேசுங்க" என்பார். காசும் கேட்க மாட்டார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

தனியாளாக வேலை செய்து பிழைத்தவர்கள் அப்போது அந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் போன் இல்லை, ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை. பைப் வேலை செய்கிறவர் ஒருநாள் நேம் கார்டு அடித்துக்கொண்டு வந்து காட்டினார். கீழே எங்கள் கடை நம்பர் இருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சண்டைக்குப் போனேன். "அக்கா, உங்க குரலைக் கேட்டா கஸ்டமர் பயந்து அட்வான்ஸ் குடுத்துடுவாங்க லா," என்றார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதமே கல்யாணப் பந்தல் போடுகிறவரும், வயரிங் செய்கிறவரும் அதே நம்பரைப் போட்டு கார்டு அடித்துவிட்டார்கள். பெயின்டர் ஒருவர், ஆர்டர் எடுத்துச் சமைக்கிற மாஸ்டர் ஒருவர் என்று பிறகு ஆள் சேர்ந்துகொண்டே போனது.

வேலை என்னவோ எனக்குத்தான். ஆனால் நான் சும்மா ஆள் கூப்பிட்டுக் கொடுக்கிறவளாக இருக்கவில்லை. குழாய் ஒழுகுகிறது என்று காத்தோங்கிலிருந்து ஒரு அம்மாள் அழைத்தால், "சீலிங் நனைஞ்சிருக்கா? அப்ப பெயின்டும் அடிக்கணுமே. நம்ம ஆளு இருக்காரு, குடிக்க மாட்டாரு, சொன்ன நாளுக்கு வருவாரு," என்று அதையும் சேர்த்துப் பிடித்துவிடுவேன். பந்தலுக்குக் கேட்டால் சமையலுக்கு ஆள் பார்த்தாச்சா என்று கேட்பேன். மாலையில் எல்லோரும் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் வந்து நிற்பார்கள். "எனக்கு போன் வந்துச்சா அக்கா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். கேட்க வந்தவர் பேப்பர் வாங்குவார், வெற்றிலை வாங்குவார், பக்கத்தில் நிற்கிறவரிடம் நாளைக்கு எங்கே வேலை என்று விசாரிப்பார். இருட்டும்வரை கோப்பி குடித்துக்கொண்டு ஒரே கூத்தாக இருக்கும்.

சாவுச் செய்தியும் எங்களுக்குத்தான் வரும். மார்சிலிங்கில் யாரோ தவறிவிட்டார் என்று போன் வந்தால், நான் முதலில் வருகிறவரிடம் சொல்வேன், அவர் பத்துப் பேரிடம் சொல்வார். பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் போய் நின்றுவிட்டு வருவார்கள். இந்து வீடு, வேதக்கார வீடு என்று பார்த்ததில்லை. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்தில் சாவு என்றால், பந்தல்காரர் விபூதியை அழித்துவிட்டுத்தான் வர வேண்டுமோ என்று என்னிடம் கேட்பார். "அப்படியே வாங்க, ஆண்டவருக்கு உங்களைத் தெரியும்," என்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வைத்தியம் பார்த்தோம், நேர்ந்துகொண்டோம், பிறகு விட்டுவிட்டோம். எனக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால் வாசலில் நிற்கிற கூட்டத்தைக் காட்டுவார்.

"நான் செத்தா தூக்குறதுக்கு ஆளுக்குப் பஞ்சமா? நீ நான்னு சண்டை போட்டுக்கிட்டு வருவானுங்க பாரு."

"அண்ணே, உங்க கனத்துக்கு ரேட் தனி லா!" என்பார் பைப்காரர் வாசலிலிருந்து.

"தூக்கிப்புட்டு அக்காகிட்ட பில் குடு!"

எனக்குக் கோபம் வரும். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது என்று கத்துவேன். ஆனால் மனதுக்குள் ஒரு தெம்பு. நாங்கள் நாதியற்றுப் போக மாட்டோம் என்று அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் நம்பினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒவ்வொருவருக்காகப் புதுப் பிளாட் கிடைத்தது. பிளாட்டோடு வீட்டுக்கு போனும் வந்தது. பெயின்டரின் மனைவியே ஆர்டர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். சரி, அதுவும் நல்லதுதான், எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். அவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு தீபாவளிக்கு வந்தார், பிறகு வரவில்லை.

அப்புறம்தான் அந்தச் சனியன் வந்தது, பேஜர். பைப்காரர்தான் முதலில் வாங்கினார். இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு, சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். கீக் கீக் என்று கத்தியது. சின்னக் கண்ணாடியில் நம்பர் வந்தது.

"பாருங்க அக்கா, நான் எங்க இருந்தாலும் என்னைப் பிடிச்சிடலாம்! இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லை."

"தொந்தரவுன்னு உன்கிட்ட எவன் சொன்னான்?"

அவர் சிரித்தார். புது கார்டு ஒன்றை நீட்டினார். எங்கள் நம்பர் இருந்த இடத்தில் பேஜர் நம்பர் இருந்தது. "எனக்கு எதுக்குய்யா உன் நம்பர்? நீதான் தினம் வந்து என் உசிரை வாங்குறியே," என்றேன். "அதுவும் சரிதான்," என்று கார்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். உண்மையிலேயே அன்று எங்கள் இருவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

ஆனால் என்னைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் ஒரு மனிதர் எதற்கு தினம் வர வேண்டும்? வெற்றிலைதான் எங்கும் கிடைக்கிறதே. வேலை முடிந்ததும் பேஜர் கத்தினால் அப்படியே அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான். வயரிங்காரரும் வாங்கினார். பந்தல்காரர் ஃபேக்ஸ் மிஷின் வைத்துப் பெரிய ஆளாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு இப்போது பந்தல் படத்தை அனுப்பி விலை கேட்பார்களாம். சமையலுக்கு ஆள் பார்த்தாச்சா என்று கேட்கத்தான் நடுவில் ஆள் இல்லை. அஞ்சடி காலியாகக் கிடந்தது. பத்திரிகைக் கட்டுகள் பிரிக்காமல் திரும்பிப் போயின. அந்த வரிசைக் கடைகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது, எதிர்த்து நிற்க எங்களிடம் வியாபாரம் என்று ஒன்று மிச்சமில்லை.

புக்கிட் மேராவில் ஒரு சின்ன பிளாட்டுக்கு வந்தோம். கடை நம்பர் எங்களோடு வரவில்லை, அது அந்த வட்டாரத்து நம்பராம். புது விலாசத்தையும் புது நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதி, கடைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கதவையே கழற்றிவிட்டிருந்தார்கள்.

வீட்டில் போனை ஜன்னலோரம் வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அடிக்கவே அடிக்காது. அடித்தால் ராங் நம்பர், இல்லையென்றால் இன்சூரன்ஸ் விற்கிற பெண். அவளோடும் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் எத்தனை பேர் என்று அவளைக் கேட்பார். சில நேரம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுது," என்று என்னிடம் சொல்வார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன்.

"அவனுங்களுக்கு நேரமில்லம்மா," என்பார். "எனக்கு ஒண்ணுன்னா வந்து நிப்பானுங்க."

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திரும்பி நான் மட்டும் வந்தேன்.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டேன். யாரிடம் சொல்வது? வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் அழைத்தார்கள், நான் எடுத்தேன். என் விரலுக்குத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சுழற்றினேன். இங்கிலீஷில் ஒரு பெண், இந்த நம்பர் இப்போது இல்லை என்று சொன்னாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வைத்துவிட்டு டெலிபோன் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். எந்தப் பெயரைத் தேடுவது? பைப் என்று தேடுவதா, பந்தல் என்று தேடுவதா? இத்தனை வருஷம் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர்கள் கார்டில் பெயர் இருந்திருக்கும், நான் பார்த்தது எங்கள் நம்பரை மட்டும்தான். அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஐயோ, உங்களுக்கு ஆளில்லையேங்க!" என்று சத்தம் போட்டு அழுதேன். அதுவரை நான் அழவில்லை.

தமிழ்ப் பேப்பரில் அறிவிப்பு போட்டேன். அவர்கள் எல்லோரும் அந்தப் பேப்பரை எங்கள் கடையில்தான் வாங்கினார்கள். எங்கள் கடை போன பிறகு வாங்கினார்களோ என்னவோ!

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உடலை வைக்க ஏற்பாடு செய்தேன். பங்குக் கோயிலிலிருந்து சாமியார் வந்தார், செபமாலை சொல்ல ஒரு சில பெண்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் மடக்கிய மேனிக்கே சுவரில் சாய்ந்திருந்தன. பஸ் நிறுத்தத்தில் ஆள் இறங்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். மறுநாள் பெட்டியைச் சவப்பெட்டிக் கடை ஆட்கள் தூக்கினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட பையன்கள், நல்ல பிள்ளைகள்தான். அதில் ஒருவன் நடுவில் தோள் மாற்றிக்கொண்டான். கனம் என்று முகத்தில் தெரிந்தது. எனக்குப் பைப்காரர் ஞாபகம் வந்தது.

அவரை நான் பார்த்தது சில மாதம் கழித்து, தேக்கா மார்க்கெட்டில். மீன் பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அக்கா! எங்க போயிட்டீங்க? கடையைத் தேடி வந்தேன், இடிச்சுப் போட்டிருக்கான். யாருக்கும் தெரியலை லா. அண்ணன் எப்படி இருக்காரு?"

சொன்னேன். பையைக் கீழே போட்டுவிட்டு, நடு மார்க்கெட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மீன்காரர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எனக்கு ஏன் சொல்லலை? ஒரு பேஜ் போட்டிருந்தா எங்க இருந்தாலும் ஓடி வந்திருப்பேனே! பந்தலு, வயரிங்கு எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்திருப்பேனே அக்கா! நான் தூக்க வேண்டிய பெட்டியை எவனோ தூக்கியிருக்கானே!"

அவர் இடுப்பில் அது கத்தியது. அழுதுகொண்டே குனிந்து நம்பரைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்க வெட்கப்பட்டார். "போய்யா, போய் வேலையைப் பாரு," என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா இந்த நம்பருக்கு அடிங்க அக்கா. உடனே வந்துடுவேன்."

வீட்டுக்கு வந்து அந்தக் கார்டைப் போனுக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டி வைத்தேன். என் வீட்டுக்காரருடைய நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைப்காரர் நல்ல மனிதர், சொன்னால் கட்டாயம் வருவார். ஆனால் நான் செத்துக் கிடக்கும்போது அந்த நம்பருக்கு அடிக்க என்னை விட்டால் இந்த வீட்டில் யாரும் இல்லை.