ராகுகாலத்துக்கு முன் ஒரு ஃபார்மட்

காட்டூரில் ஒரு லேத் பட்டறை. அங்கே ஒரு மெஷினை ஓட்டும் புரோகிராம் விண்டோஸ் 98-இல்தான் வேலை செய்யும். அது இருந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. புது லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கி, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை செய்து, அதில் 98-ஐப் போட்டுத் தரக் கூப்பிட்டார்கள். அந்தக் கிழட்டுச் சமாச்சாரத்தை இன்னும் மறக்காதவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

கறுப்புத் திரையில் பழைய கேள்வி வந்து நின்றது. டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? சரி என்றால் ஒய், வேண்டாம் என்றால் என் என்ற எழுத்தை அழுத்த வேண்டும். என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

“உள்ள ஏதாச்சும் முக்கியமா வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்ன சார், நீங்கதானே இப்ப அந்த டிஸ்கை உண்டாக்குனீங்க? காலியால்ல இருக்கு!”

அவருக்கு விளக்க முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்துகொண்டிருந்தேன். எந்த நோய்க்கும் என்னிடம் ஒரே மருந்து, ஃபார்மட். அதாவது டிஸ்கை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் பழகியிருந்தேன். ஃபார்மட் செய்வதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, வேண்டியதை ஃபிளாப்பியில் எடுத்து வைப்பது வழக்கம். ஸ்ரீரங்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புக் கூடாது. கேபினெட்டைத் திறந்தால் தூசியோடு சாம்பிராணி வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும்.

சித்திரை வீதியில் வைதேகி மாமி வீட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. காவிரிப் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டதில் பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

“பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஆரம்பிச்சுடுங்கோ. ஆரம்பிச்சுட்டா அப்புறம் எத்தனை நாழியானாலும் பாதகமில்லை” என்றார் மாமி.

ராகுகாலமெல்லாம் பார்க்காதவன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்கிற ஆள் நான். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். அந்தக் கேள்வி வந்தபோது பத்து இருபத்தெட்டு. மாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒய் அழுத்தினேன். மாமி திருப்தியாகக் கைகூப்பினார்.

98-ஐப் போட நாற்பது நிமிடம் ஆகும். மீதி எத்தனை நிமிடம் என்று திரையின் ஓரத்தில் இறங்கிக்கொண்டே வரும். அதுவரை யாருக்கும் வேலை இல்லை. அதனால் எந்த வீட்டிலும் காபி வரும், கூடவே பேச்சும் வரும். மாமி தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர். கண் பார்வை போன பிறகு தினமும் சாயங்காலம் தன் கதையைச் சொல்வாராம், மாமி அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பாராம். எழுபது பக்கம் சேர்ந்திருந்தது. மாசியில் அப்பா போய்விட்டார்.

“ஒரு தடவை வையம்பட்டில கூட்ஸை நாலு மணி நேரம் நிறுத்திட்டா. கார்டு வண்டியை விட்டுப் போகப்படாது. அப்பாவுக்கு நல்ல பசி. பக்கத்துல கடலை பிடுங்கிண்டிருந்தவா மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினாளாம்…” சொல்லிக்கொண்டே மாமி சிபியுவைத் தட்டிக்கொடுத்தார். “எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.”

திரையில் மீதி முப்பத்தொரு நிமிடம். அதையெல்லாம் நான் அழித்தாகிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய், திரையில் நிமிடம் குறைவதையே பார்த்தபடி ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். மாமி கதையைத் தொடர்ந்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். “திரும்ப அடிச்சிடலாமே மாமி” என்று அசட்டுத்தனமாக வேறு உளறினேன்.

“அடிக்கறச்சே காதுக்கும் விரலுக்கும்தான் சம்பந்தம். மனசுல ஒண்ணு ரெண்டுதான் தங்கித்து” என்றார். பிறகு, “நான்தானே அவசரப்படுத்தினேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. பல வருஷம் அந்த வீதிப் பக்கமே நான் போகவில்லை.

காட்டூரில் ஒய் அழுத்தினேன். ஆறே நிமிடத்தில் எல்லாம் ஏறிவிட்டது. டீ வாங்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்ததில் பட்டறைக்காரருக்குச் சந்தோஷம்.

மாமி வீடு இருந்த இடத்தில் இப்போது ஃபிளாட். மாமி இப்போது எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுபது பக்கத்தில் என்னிடம் இருப்பது வையம்பட்டிக் கடலை ஒன்றுதான். அதுவும் பாதிக் கதை. கடலை கொடுத்தவர்களிடம் அப்பா என்ன சொன்னார், வண்டி எப்படிக் கிளம்பியது, எல்லாவற்றையும் மாமி அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.