கேசட்டுக்கு நான் தைத்த உறை

ஆம்பூரில் தோல் கைப்பை செய்யும் கம்பெனி ஒன்றில் நான், புது மாதிரிகளை முதலில் தைத்துக் காட்டும் சாம்பிள் மாஸ்டர். சென்ற வருடம் ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் முதலாளிக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பரிசளித்தார். அதை டிவியோடு இணைத்து, டேப்ரெக்கார்டரில் அதோடு வந்த கேசட்டைப் போட்டால், ஐந்து நிமிடம் கீச்சிட்டுவிட்டு விண்கலம் சுடும் விளையாட்டு வரும். முதலாளி சாப்பாட்டை மறந்து சுடுவார்.

கேசட்டில் தூசி படக் கூடாதே என்று ஆட்டுத்தோலில் ஓர் உறை தைத்து, கைப்பைக்கு வைக்கும் காந்தப் பட்டனை வைத்துக் கொடுத்தேன். முதலாளி சொக்கிப்போனார்.

"மாஸ்டர், இதே மாதிரி அம்பது போடுங்க. ஜெர்மன்காரர் கேசட்டை எல்லாம் இதுல வச்சுக்கட்டும்."

மறுநாள் விளையாட்டு வரவில்லை. ஒயரை மாற்றினோம், டிவியைத் தட்டினோம். சத்தத்தைக் கூட்டியதில் தையல் பகுதியே காதைப் பொத்திக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் ரேடியோ மெக்கானிக் வந்தார். மேஜையில் வைத்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கேசட் உறையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இத யாரு தச்சது?"

"நான்தான். இன்னாத்துக்கு கேக்குறீங்க?"

"காந்தம் பட்டா டேப்புல இருக்கிறது அழிஞ்சி போய்டும் சார்."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. ஜெர்மனி முகவரி எழுதி மூலையில் தயாராக இருந்த பெட்டியைப் பார்த்தார். ஐம்பது உறைகளும் அதற்குள் இருந்தன. அன்றே எல்லாவற்றையும் பிரித்து, காந்தமில்லாத டிச் பட்டன் வைத்தேன்.

அதிலிருந்து எதைத் தைப்பதானாலும், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். போன மாதம் கைப்பைக்கு அளவு சொல்ல வந்த ஓர் அம்மாவிடமும் கேட்டேன்.

"அது உனக்கு இன்னாத்துக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.