சித்ரான்ன உண்ணாவிரதம்

பிரேசர் டவுனில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அல்போன்சா, பர்மனென்ட் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டாள் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையவில்லையாம். பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லையாம்.

விசாரித்தால், நாற்காலி வரைக்கும் உண்மை.

இது 2001இல். லினக்ஸ் சர்வரில் புதிய மெயில் புரோகிராம் ஒன்றை ஸோர்ஸிலிருந்து கம்பைல் செய்யப் போனாள். அது, சர்வரில் எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கும் சி லைப்ரரியில் புதியதைக் கேட்டது. அதையும் கம்பைல் செய்து, பழையதன் மேலேயே ‘மேக் இன்ஸ்டால்’ அடித்து நிறுவினாள். ஓடுகிற பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்றிய கதைதான். அப்புறம் எந்தக் கட்டளை கொடுத்தாலும் பிழை. அவள் மேஜைக் கம்ப்யூட்டரில் சர்வருக்குள் போக முன்பே திறந்திருந்த ஒரே ஒரு விண்டோவுக்குத்தான் உயிர் இருந்தது. அது மூடிக்கொண்டால் சர்வர் போச்சு. சர்வரில் கைவைக்காதே என்று முதலாளி சொல்லியிருந்ததால் வேலையும் போச்சு. சரிசெய்யத் தெரிந்த நண்பன் டெஸ்மண்ட் ஊருக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

எழுந்து போக முடியாது. முதலாளி சேஷகிரியின் சட்டப்படி, ஆளில்லாத நாற்காலிக்குக் கரண்ட் கிடையாது. பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் யாராவது ஸ்விட்சைத் தட்டிவிடுவார்கள்.

பெருக்க வரும் சந்திரம்மாதான் இரக்கப்பட்டாள். “சும்மனே பட்டினி கிடக்காதே, கண்ணு” என்று தன் சித்ரான்ன டப்பாவை மேஜைக்கடியில் தள்ளினாள். அல்போன்சா குனிந்தபடியே வழித்துத் தின்றாள்.

பேச்சு சேஷகிரியை எட்டியது. “என்னம்மா இது? வெள்ளைக்காரன் ஆர்டர் பேச வர்ற நாள்ல சத்தியாகிரகமா?”

“சார், அது வந்து...”

“பேசாதே. பர்மனென்ட்தானே? போட்டாச்சு. ஜூஸைக் குடி” என்று டம்ளரை நீட்டினார்.

அல்போன்சா வாயைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே ஜூஸைக் குடித்தாள்.

டெஸ்மண்ட் வந்து அந்த விண்டோ வழியாகவே பழைய லைப்ரரியைத் திரும்பப் பொருத்தினான். “இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா மேனேஜரே ஆயிருப்பே” என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே சந்திரம்மா டப்பாவைக் கேட்டாள். ஆபீசில் கொடுத்தால் சேஷகிரி பார்ப்பார்; தெருவில் கொடுத்தால் டீக்கடை பார்க்கும். கழுவின டப்பா டிராயரிலேயே கிடந்தது.

ஒருநாள் சந்திரம்மா துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டாள்: “என் சோத்தத் தின்னுட்டு நீ பர்மனென்ட் ஆயிட்டே. நான் இத்தனை வருஷமா டெம்பரரி. நெஜமாவே தின்னாம உட்காந்தா எனக்கும் ஜூஸ் குடுப்பாரா?”

அல்போன்சா டிராயரைத் திறந்தாள், மூடினாள். டப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறது.