குத்தாலம் கடைத்தெருவில் விடுபட்ட கடை

காலை ஆறே கால். தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் குத்தாலத்துக்கு டிக்கெட் இருபது ரூபாய். அறுபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இருபது ரூபாய். என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்த ஆட்டோவுக்கு நூற்றிருபது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

போகிற காரணம் இதுதான். குத்தாலம் நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஜபருல்லா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கடைத்தெருவைக் கடை கடையாகப் படம் வரைந்து பள்ளிக்கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, ஆளுக்கொரு பகுதியை நினைவுபடுத்தி எழுதச் சொன்னார். ரயில்வே கேட்டை ஒட்டிய முனை எனக்கு வந்தது. பதினோரு கடை எழுதி அனுப்பினேன். 'வசந்தாவுக்கு யானை ஞாபகம்' என்று எல்லோரும் மெச்ச, எனக்குத் தலை கால் புரியவில்லை. இன்று நேரில் கூடிச் சரிபார்க்கிறோம். நாளை படம் அச்சுக்குப் போகிறது.

பாபநாசம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தை அறுவடை. மெஷின் அறுத்துப்போன வயல்களில் வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். எதிர் இருக்கைத் தம்பதி மாலையும் கூடையுமாகத் திருக்கடையூர் போகிறார்கள். அறுபதாம் கல்யாணம்.

"யாருக்குங்க அறுபது?" என்று கேட்டுவைத்தேன்.

"இவருக்குத்தாங்க. எனக்கு அம்பத்திமூணுதான் ஆவுது" என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் கோபமாகவே. கேட்டிருக்கக் கூடாது. கும்பகோணத்தில் எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார், சமாதானம் ஆகிவிட்டது.

எட்டு மணிக்குக் குத்தாலம். முந்தின நாளே சென்னையிலிருந்து வந்துவிட்ட என் அண்ணன் சுந்தரம் ஸ்டேஷனில் நின்றிருந்தான். அறுபத்தேழு வயது, ஓய்வுபெற்ற இன்ஜினியர். சின்ன வயதில் என்னைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்வதே அவன் முழுநேர வேலை. பன்னிரண்டு ரூபாய் டீ குடித்துக்கொண்டே, "லிஸ்ட்ல எதையும் விட்டுடலையே?" என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நானாவது விடுவதாவது!

பத்து மணி. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், டேபிள்களை ஒன்றுசேர்த்துப் படத்தை விரித்திருந்தார் ஜபருல்லா. வெல்ல மண்டி, சைக்கிள் கடை, ரேடியோ ரிப்பேர், மருந்துக் கடை, ஜபருல்லாவின் அத்தா வைத்திருந்த பாத்திரக் கடை. பதினைந்து பேர் இருந்தோம். சைக்கிள் கடை தையல் கடைக்குக் கிழக்கா மேற்கா என்று முக்கால் மணி நேரம் சண்டை. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பதினொன்றரை மணிக்கு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். பருத்திப் புடவை, தோளில் பை. பெயர் கலைச்செல்வி என்றும், அரசுக் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவர் என்றும் சொன்னார். பழைய மாணவர் ஒருவர் இந்தப் படத்தைப் போனில் அனுப்பினாராம். அதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார்.

"கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை விட்டுப்போச்சுங்க" என்றார். "எங்கம்மா வச்சிருந்த இட்லிக் கடை. கீத்துக் கொட்டகை. பதினாறு வருஷம் நடந்துச்சு."

ஜபருல்லா என்னைப் பார்த்தார். என் பகுதி அல்லவா.

அவர் சொன்னது எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். அஞ்சலை கடை. மறக்கவே இல்லை. எழுதக் கை போகவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீடு சைவம். அதைவிடப் பெரிய விஷயம், அஞ்சலை வயல் வேலைக்காரர்கள் தெருவைச் சேர்ந்தவர். அவர் கையால் நான் வாங்கித் தின்றது தெரிந்தால் அப்பா முதுகுத் தோலை உரித்துவிடுவார். நான் மூன்று வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் பின்பக்கமாக நுழைந்து, காலையில் மிஞ்சிய இட்லியும் வாய்க்கால் கெண்டைக் குழம்பும் தின்றிருக்கிறேன். அப்படியொரு கடை இருப்பதே தெரியாதவள்போல வீட்டில் நடித்து நடித்து, நிஜமாகவே பட்டியலில் விட்டுவிட்டேன்.

"அப்படியொரு கடை இருந்துச்சா?" என்று யாரோ கேட்டார்.

கலைச்செல்வி குரலை உயர்த்தவில்லை. "சோடா விக்கிற வண்டியைக்கூடப் போட்டிருக்கீங்க. நான் எம்.எஸ்ஸி. வரைக்கும் படிச்சது அந்த அடுப்புலதாங்க. எங்கம்மாவுக்கு எம்பத்தாறு வயசு. அவங்க இருக்கிறப்பவே இதைப் பாத்துடணும்னு வந்தேன்."

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. அறுபத்திரண்டு வயதில் எனக்கு என்ன பயம்? ஆனாலும் பயந்தேன். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"இருந்துச்சு" என்றேன். "நான் சாப்பிட்டிருக்கேன். லிஸ்ட்ல விட்டது என் தப்பு."

அண்ணன் திரும்பினான். "நீயா?"

"ஆமாண்ணா. மீன் குழம்பு."

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "தின்னு முடிச்சதும் கொய்யா எலையைக் கசக்கிக் கையில தேச்சுக்கச் சொல்வாங்களே, வாடை போவ?" என்றான்.

கொய்யா இலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சில நாள் அஞ்சலை என்னைக் கொல்லையில் நிறுத்தி, "செத்த நில்லு, கூப்புடுறேன்" என்பார். எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது. உள்ளே என் அண்ணன் தின்றுகொண்டிருந்திருக்கிறான்!

ஜபருல்லா தொண்டையைக் கனைத்தார். "நோன்பு பிடிக்கிறேன்னு வீட்ல பெருமையா சொல்லிட்டு, மத்தியானம் அங்கதாங்க நான் ஒளிஞ்சிருப்பேன்." கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஒவ்வொருவராகச் சொல்ல, கடைசியில் ஏழு பேர் தேறினோம். ஒளிந்து தின்றது தான் ஒருவர் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

கலைச்செல்வியும் சிரித்தார். "எங்க கொய்யா மரம் எப்பவும் மொட்டையா இருக்கும். ஆடு மேஞ்சிருச்சும்பாங்க அம்மா." சிரிப்பு நின்றதும் சொன்னார்: "ஆனா தெருவுல என்னைப் பாத்தா உங்கள்ல ஒருத்தரும் பேசினதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜபருல்லா பென்சிலை எடுத்து, கேட்டை ஒட்டி ஒரு கட்டம் போட்டார். கடைக்குப் பெயர் கிடையாது. 'அஞ்சலையம்மா இட்லிக் கடை' என்று எழுதினார். ஒன்பது வயதில், அம்மா வயதுள்ள அவரை "அஞ்சலை, ரெண்டு இட்லி குடு" என்று கேட்டவள் நான். அந்த 'அம்மா'வை எழுத்தில் பார்க்க நிறைவாக இருந்தது.

மாலை ஐந்தரை. திரும்பும் ரயிலில் கலைச்செல்வியும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஆடுதுறையில் கடலை வாங்கினோம், பொட்டலம் பத்து ரூபாய். தஞ்சாவூரில் எந்த ஓட்டலிலும் யார் சமைத்தது என்று கேட்டா சாப்பிடுகிறேன்? பிறந்த ஊரின் எல்லையை மிதித்ததும் மட்டும் அந்தப் பழைய பயம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தடவை அதை அங்கேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. மனசு லேசாக இருந்தது.

கும்பகோணம் வந்ததும் கலைச்செல்வி வீட்டுக்குப் போன் போட்டு, கடை படத்தில் ஏறிய செய்தியை அம்மாவிடம் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நாந்தாம்மா, மேலத்தெரு வசந்தா. உங்க கடையில சாப்பிடுவேனே, ஞாபகம் இருக்கா?"

"நீ எங்க தாயி சாப்பிட்ட? நீ வந்ததே இல்லயே" என்றார் அஞ்சலையம்மா, பளிச்சென்று.

"வந்தேம்மா. எங்கண்ணன் சுந்தரமும் வந்தானாமே?"

மறுபக்கம் மகளை அதட்டும் குரல்தான் கேட்டது.

"ஏ கலை, யாருகிட்ட போனைக் குடுத்திருக்க? யாரு வந்தா, யாரு தின்னான்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். புள்ளைங்க வீட்டுல அடி வாங்கும்."