பதினேழாம் எண் மரம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் பறிக்கும் செடிக்குச் சீட்டுக் கட்டினால் பென்சிலால்தான் எழுத வேண்டும். இது எங்கள் கல்லூரித் தோட்டக்காரருக்குக்கூடத் தெரியும். தாவரவியல் துறை உதவியாளனான எனக்கும் தெரியும். ஆனால் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த புதுப் பேனா சட்டைப் பையில் மினுக்கிக்கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹெல்கா அம்மையார் பக்கத்தில் நிற்கும்போது பென்சில் சீவிக்கொண்டிருக்க என் கௌரவம் இடம் தரவில்லை. நாற்பது சீட்டிலும் முத்து முத்தாக மையில் எழுதினேன். இலை அழுகாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட், அத்தனையையும் குடித்துவிட்டது.

அதே மரங்களில் எடுத்த பட்டை மூட்டைகளில் எண்ணைப் பெயின்டால் எழுதியிருந்ததால் அவை ஒழுங்காக ஜெர்மனி போய்ச் சேர்ந்தன. ஒரு வருஷம் கழித்து அங்கிருந்து கடிதம் வந்தது: பதினேழாம் மூட்டைப் பட்டையின் சாறு, சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்களை வளரவிடாமல் தடுக்கிறது. சரி, பதினேழு எந்த மரம்? இலைகளோடு கட்டிய நாற்பது சீட்டிலும் நீலமாக ஒரு மேகம்தான் இருந்தது. குறிப்பேடு? அதில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஆகவே மறுபடியும் ஜவ்வாது மலை.

காலை ஆறு மணிக்கு, மறுபடி வந்திருந்த ஹெல்கா அம்மையாரையும் ஏற்றிக்கொண்டு வேலூரில் ஜீப் கிளம்பியது. ஓட்டுநர் பாஷா போன தடவையும் வந்தவர்.

"இன்னா சார், பேனா எடுத்தாந்தியா?"

"வூட்லயே வச்சுப் பூட்டிட்டேன்."

"சாவிய மாமனாராண்ட குடுத்துட்டு வந்திருக்கணும் நைனா."

கண்ணமங்கலத்தில் டீ நாற்பது காசு, குடித்தோம். போளூர் தாண்டியதும் மலைப்பாதை, அதன்பின் மழை. ஜீப்பின் தார்ப்பாய் ஒழுகியது, சரியாக என் தலையில். எனக்கு வேண்டியதுதான்.

நாங்கள் நம்பிப் போனது சின்னக்காளி என்ற ஒரே ஆளை. போன தடவை மரங்களைக் காட்டியவர். ஊர் எல்லைச் சாமிக் கல்லில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைவார். எப்போதும் ஒரே பாதை, ஒரே வரிசை. மாற்றி நடந்தால் காடு கோபித்துக்கொள்ளுமாம். அந்த வரிசையில் எண்ணினால் பதினேழு கிடைத்துவிடும்.

போன தடவை வந்த அன்று அவர் மனைவி பொன்னி எங்களுக்குச் சாமைச் சோறு போட்டாள். மார்பில் கட்டி இருப்பதாகச் சொன்னாள். நான் பெரிய மனுஷனாகி, "இந்த நாப்பதுல ஒண்ணுல உனக்கு மருந்து இருக்குது. அடுத்த மழைக்குள்ள சீமையிலிருந்து மாத்திரை வந்துடும்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். காளி மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார்.

பதினொன்றரைக்கு ஜமுனாமரத்தூர் தாண்டி, புதூர்நாட்டுப் பக்கம் போகும் ஜீப் தடத்தில் அவருடைய ஊர். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"பொன்னி எங்க காளி?"

"ஆடியில பூட்டா சார்."

காளி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்னுதான் இருந்தேன். நீங்க மாத்திரை வரும்னீங்களே, அதான் பார்த்துனு இருந்தேன்."

ஹெல்கா அம்மையார் என்னைப் பார்த்தார். மனைவி இறந்துவிட்டார் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். மற்றதை விழுங்கிக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

மறுபடி மரங்களைக் காட்டக் கேட்டபோது காளி மறுக்கவில்லை. கற்பூரம் ஏற்றிவிட்டு முன்னால் நடந்தார். முன்பெல்லாம் ஒரு மரத்தில் உள்ளங்கை அகலம்தான் பட்டை எடுப்பார். எடுத்த இடத்தில் சாணி பூசுவார். இப்போது முதல் மரம் இடுப்பளவுக்குச் சுற்றிலும் உரிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"இன்னா காளி இது?"

"எது மருந்துன்னு நீங்க சொல்லலியே சார். நாப்பதையும் மாத்தி மாத்திக் காய்ச்சிக் குடுத்தேன்."

அதன்பின் மரங்களை எண்ணிக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன். பதினேழாவது மரம் இலையில்லாமல் காய்ந்து நின்றது. அதன் பட்டையையும் அவள் குடித்திருக்கிறாள். அடியில் மட்டும் நாலு இலையோடு ஒரு துளிர். அம்மையார் மண்டியிட்டு இரண்டு இலையைக் கிள்ளினார், இரண்டை விட்டுவைத்தார். சீட்டை என்னிடம் தரவில்லை. தானே பென்சிலால் எழுதிக் கட்டினார். வந்த காரியம் முடிந்தது.

மூன்று மணிக்கு ஜீப் உறுமியது. வேலூரில் என் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். இங்கிருந்து ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் ஒரு வருஷமாக நீட்டி வைத்திருந்தேன், ஒரு வேடிக்கைப் பேச்சால். பாஷாகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? தலையை வெளியே நீட்டி, "மருந்து வந்தா நானே எடுத்தாந்து தர்றேன் காளி" என்றேன்.

மழையில் நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"