நடந்ததா, நடக்கலையா

எங்கள் சலவைக் கடையில் அவருக்கு 'நேத்து' என்று பேர். வைத்தது வேன் டிரைவர். வாயைத் திறந்தால் "நேத்து..." என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அது ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷமாக இஸ்திரி மேஜையில் நிற்கிறார். அவர் கைபட்ட காலரில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவர் எடுக்கும் கால்சட்டை மடிப்பை வைத்துக் காய்கறி நறுக்கலாம் என்பார் டிரைவர். கோபமே வராத மனுஷர். அவருக்கு வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கவுண்டரில் இருக்கிறேன். துணியை வாங்கி, கறை உண்டா, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, எண் போட்ட சீட்டைக் காலரில் குத்துவேன். திரும்பிப் போகும்போது சரிபார்த்து டிக் அடிப்பேன். நான் டிக் அடிக்காமல் ஒரு கைக்குட்டைகூட வாசலைத் தாண்டாது. எங்கள் முதலாளியம்மாவே தன் துணிக்கு என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.

நேத்துவுக்கு இருந்த தொல்லை கனவு. மற்றவர்களுக்குக் கனவில் பாம்பு துரத்தும், மலையிலிருந்து விழுவார்கள். விழித்ததும் அப்பாடா என்று எழுந்து பல் தேய்க்கப் போய்விடலாம். இவருக்குக் கனவிலும் இஸ்திரிதான். அதே மேஜை, அதே ஆவி, அதே வாடிக்கையாளர்கள், அதே சில்லறைப் பேச்சு. எழுந்தபிறகு எது நடந்தது, எது கனவு என்று பாவம், அவருக்கே பிடிபடாது.

ஒருநாள் வங்கி மேனேஜர் ஒருவர் கோட்டு வாங்க வந்தார். நேத்து உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நேத்தே குடுத்தாச்சே சார். பட்டன் நல்லா தெச்சிருக்கீங்கன்னு நீங்ககூட சொன்னீங்களே" என்றார். மேனேஜர் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டு, வீட்டுக்குப் போய் அலமாரியைக் கலைத்துத் தேடிவிட்டு, தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கோட்டு கூடையின் அடியில் கசங்கிக் கிடந்தது. பட்டனும் தைத்திருக்கவில்லை.

அன்றைக்கு முதலாளியம்மா ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் வந்ததும் நேத்து தன் மனதில் இருப்பதை என்னிடம் ஒப்பிக்க வேண்டும். நான் பதிவேட்டைப் பார்த்து நடந்தது, நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். துணிக்கு டிக் அடிப்பதுபோல அவருடைய நேற்றைக்கும் டிக் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"நேத்து பல் டாக்டரோட வெள்ளைக் கோட்டு ரெண்டும் போச்சா?"

"போச்சு."

"மழை பெஞ்சுதா?"

"இல்ல."

"முதலாளியம்மா என்னைத் திட்டினாங்களா?"

"அது நடந்தது. ரெண்டு தடவை."

முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது மாதம் அவர் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அம்மா எனக்கு வரன் தேடி ஓய்ந்துபோய், இப்போது தம்பிக்குத் தேடிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருவர் தினமும் வந்து, நான் சொன்னால்தான் அது உண்மை என்று நின்றால் மனசு சும்மா இருக்குமா?

ஒருமுறை விளையாட்டுக்காக டிரைவர் அவரிடம் நடக்காத ஒன்றை நடந்தது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மனுஷர் ஆடிப்போனார். நாள் முழுக்கத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தொட்டாலும் இது நிஜம்தானா என்று அவர் முகத்தில் ஒரு பயம். நான் டிரைவரைப் பிடித்துக் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்குப்பிறகு அந்த விஷயத்தில் யாரும் விளையாடியதில்லை. நானும்தான். நான் சொன்னால் அது நூற்றுக்கு நூறு சரி என்று அவர் நம்பினார்.

ஒரு காலை வந்து, "நேத்து நீங்க என்னைப் பார்த்து சிரிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு முந்தின நாள் முழுக்கப் பல்வலி. "இல்ல" என்றேன். "அப்ப கனவுதான். நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மூன்று சீட்டை மாற்றிக் குத்தினேன்.

அடுத்த வாரம் அது நடந்தது. சட்டைகளைக் குவித்து வைத்துச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். வந்து நின்றார். வழக்கமாகக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு பேசுபவர், அன்று இரண்டடி தள்ளி நின்றார்.

"நேத்து கடையை மூடிட்டு நாம பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டேன். நீங்க சரின்னீங்க. நடந்ததா?"

முந்தின நாள் அவர் மூன்று மணிக்கே அனுமதி கேட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாப்புக்கு நான் தனியாகத்தான் நடந்தேன். பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கையிலிருந்த சீட்டை என் சட்டைக் கையிலேயே குத்திக்கொண்டேன். இல்லை என்று சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார், இந்த ஜென்மத்தில் மறுபடி கேட்கமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நடந்தது" என்றேன்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது சட்டை முடித்துவிட்டார். யாரும் கேட்காத திரைச்சீலைகளையும் எடுத்துத் தேய்த்தார். மறுநாள் அவருடைய அக்கா ஒரே ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல கறை எங்கேயும் இல்லையேங்க" என்றேன். "இல்லம்மா, நான் துணிக்காக வரல" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். என் அம்மா அழுதாள், சிரித்தாள், தெரு முழுக்கச் சொன்னாள். முதலாளியம்மா மூன்று நாள் லீவு தருவதாகச் சொன்னார், அப்புறம் இரண்டாக்கிவிட்டார். ஐந்து வாரம் தள்ளிப் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கினோம்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் பதிவேட்டை இழுத்து மூடிக்கொள்வேன். உலகத்தில் அவர் நம்புகிற ஒரே ஆள் நான். அந்த நம்பிக்கையை வைத்தே அவரைப் பிடித்துப் போட்டுவிட்டேன். இது தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். அதைவிட மோசம், மறுபடி அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனேன். ஒருநாள் வாயைத் திறந்தேன், பாய்லர் சீறியது. இன்னொரு நாள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றதும், "எனக்கும்தான். அலமாரி பெரிசா வாங்குவோமா, சின்னதா போதுமா?" என்றார். பெரிசு என்றேன். ராத்திரித் தூக்கம் போனது. "கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கே, கடன் வாங்கினவ மாதிரி இருக்கே" என்றாள் அம்மா.

தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். இஸ்திரி மேஜைப் பக்கத்தில் நின்று, எதையும் பூசி மெழுகாமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதுக்கா இவ்வளவு அழுகை? விடுங்க" என்று சிரித்தார். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. மறுநாள் காலை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். தம்பிகூட, "அக்கா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைக்கு வந்தேன்.

பதினோரு மணி டீக்கு அவர் மேஜைக்கே தம்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

"நேத்து மட்டும் நீங்க கோபப்பட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேங்க" என்றேன்.

"எதுக்குக் கோபப்படணும்?"

"அதான், பஸ் ஸ்டாப்ல நீங்க ஒண்ணும் கேக்கவே இல்ல, நானா நடந்ததுன்னு பொய் சொன்னேன்ல. அதுக்கு."

அவர் திருதிருவென முழித்தார். "இதை எப்ப என்கிட்ட சொன்னீங்க?"

"நேத்து சாயங்காலம். இதே மேஜைகிட்ட. நீங்ககூட சிரிச்சீங்களே!"

"நேத்து கடை லீவுங்க."

ஆமாம், வாராந்திர விடுமுறை. நேற்று முழுக்க நான் வீட்டில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். ஊராருக்கெல்லாம் நேற்றைச் சரிபார்க்கிறவள், என் கனவையே நேற்று என்று நம்பி, எதைச் சொல்ல ஐந்து வாரமாக நடுங்கினேனோ அதை டீயோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை அதன் தாங்கியில் நிதானமாக வைத்தார். நான் அழத் தயாராக நின்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கனவுன்னு. எழுந்திருக்கும்போதே தெரியும். கனவுல நான் கேட்டதும் நீங்க உடனே சரின்னுட்டீங்க. நிஜத்துல ஒரு சட்டைக்கு சீட்டுக் குத்துறதுக்கே நாலு கேள்வி கேப்பீங்களே, கல்யாணத்துக்கு ஒரு கேள்விகூட கேக்காம சரின்னுடுவீங்களா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து நடந்ததான்னு கேட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நேரா கேக்க பயமா இருந்துச்சு. இப்படிக் கேட்டா, நீங்க இல்லன்னு சொன்னாலும் அது நடக்கலன்னுதான் அர்த்தம். என்னை வேண்டாம்னு சொன்னதா ஆகாதுல்ல. ஆனா நீங்க நடந்ததுன்னு சொன்னீங்க. அப்பதான் அது நடந்துச்சு."

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"ஆமா. பொய்யே சொல்லாதவங்க எனக்காக ஒரு பொய் சொன்னாங்கன்னு நினைச்சு நினைச்சுத்தான் அந்த நாற்பது சட்டையும் தேய்ச்சேன்."

எனக்கு அவர்மேல் வந்த ஆசைக்கு அளவே இல்லை. அதே நொடியில் வந்த கோபத்துக்கும்தான். ஐந்து வாரம்! நான் தூக்கம் தொலைத்து, கண்ணுக்குக் கீழே கருத்து, அம்மாவிடம் பேச்சு வாங்கி, இவர் எல்லாம் தெரிந்துகொண்டே அலமாரி பெரிசா சின்னதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேஜையிலிருந்த, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் சர் சர்ரென்று அடித்தேன். "அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா தேதியை ரத்து பண்ணிடுவீங்களோன்னு..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். பின்னாலேயே டிரைவர். கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர் திரைச்சீலை மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"இப்ப எல்லார் முன்னாடியும் ஒழுங்கா கேளுங்க. கேள்வியாவே கேளுங்க. நடந்ததா கிடந்ததான்னு வந்தா இந்தப் பாட்டில் மொத்தமும் உங்க தலையிலதான்" என்றேன்.

முகத்தில் தண்ணீர் சொட்டக் கேட்டார். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

தேதி குறித்தாயிற்று, அலமாரி வந்தாயிற்று, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள்கூடச் சொல்லியாயிற்று. இருந்தும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றேன். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"அம்மா, என் திரைச்சீலை..." என்றார் வாடிக்கையாளர்.

"இருங்க சார், முதல்ல இவருக்குப் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "சரி" என்றேன். டிரைவர் கை தட்டினார். முதலாளியம்மா, எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்று அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். காலையிலிருந்து இஸ்திரி பிடித்த கை, சுடும் என்றுதான் நினைத்தேன். வியர்த்து, சில்லென்றிருந்தது. மூன்று நாளில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று மனுஷர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.